பஸ் ஏறும் இடமே வீடு

சம்பளப் பிரிவில் வேலை பார்ப்பவருக்கு மாதத்தில் ஒரு நாள்தான் மரியாதை. அதுவும் சம்பளச் சீட்டு கைக்குப் போய்ச் சேரும்வரை மட்டும்தான். அதற்குப் பிறகு, "இது ஏன் குறைஞ்சிருக்கு?" என்ற கேள்வியைத் தவிர வேறு எதையும் நான் கேட்டதில்லை. சம்பளம் கூடியிருக்கிறதே என்று சொல்ல ஒருவரும் என் மேஜைக்கு வந்ததில்லை. நீங்களும் இந்த மேஜையின் அந்தப் பக்கத்திலோ இந்தப் பக்கத்திலோ உட்கார்ந்து அவதிப்பட்டவராகத்தான் இருப்பீர்கள். அதனால் உங்களிடம் புலம்புவதில் எனக்கு வெட்கமில்லை.

1991-ல் எங்கள் கம்பெனி கிண்டியில் இருந்த பழைய ஒர்க்‌ஷாப்பை மூடிவிட்டு, ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய பென்னலூரில் புதிய தொழிற்சாலை திறந்தது. மெஷின்கள் லாரியில் போயின, நாங்கள் பஸ்ஸில் போனோம். மெஷின்களை இறக்கி நிறுத்துவதுதான் பெரிய வேலை என்று எல்லோரும் நினைத்தார்கள். அதைவிடப் பெரிய வேலை என் தலையில் வந்து விழுந்தது. அதன் பெயர் நகர ஈட்டுப்படி. விலைவாசி அதிகமான ஊரில் இருப்பவர்களுக்குச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்கிற தொகை அது. பம்பாய்க்கு ஒரு தொகை, சென்னைக்கு அதைவிடக் குறைவு, பெங்களூருக்கு இன்னும் குறைவு. கடைசியில் 'மற்ற ஊர்கள்' என்று ஒரு வரி இருக்கும், அதற்கு நேரே ஒரு சின்னக் கோடு மட்டும் போட்டிருக்கும். வீட்டு வாடகைப்படியும் அதே வழியில்தான் இறங்கும். பென்னலூர் அந்தக் கோட்டில் விழுந்தது.

அந்த வருடம் மே மாதத்துக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் என்று சொன்னால் இந்தியாவில் தெரியாதவர் கிடையாது. ஆனாலும் எங்கள் தலைமை அலுவலகத்துக்கு அது 'மற்ற ஊர்கள்'தான். தொழிற்சங்கம் சண்டை போட்டு ஒரே ஒரு சலுகை வாங்கியது. கிண்டியிலிருந்து மாற்றப்பட்டவர்கள் தொடர்ந்து சென்னையில் குடியிருந்தால் அவர்களுக்குச் சென்னைப் படி தொடரும். இந்த ஒரு வரியைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. எனக்கு அப்போது அனுபவம் போதாது.

வீட்டுப் பக்கத்தில் வேலை

தொழிற்சாலை பென்னலூருக்குப் போகிறது என்ற செய்தி வந்த அன்று கிண்டியில் சிரித்த முகம் ஒன்றே ஒன்றுதான். அது மில்லிங் மெஷின் ஆபரேட்டர் டேனியலுடையது. அவருக்குச் சொந்த ஊரே பென்னலூர். வேலைக்காகப் போரூரில் ஒரு போர்ஷனை வாடகைக்கு எடுத்து மனைவி ஸ்டெல்லாவோடு இருந்தார். புதிய தொழிற்சாலையின் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவர் அப்பா கட்டிவிட்டுப் போன ஓட்டு வீடு. அடுத்த வீட்டில் அண்ணனும் அண்ணியும். கம்பெனியே தன்னைத் தேடிக்கொண்டு வருகிறது என்று சொல்லி அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

சந்தோஷத்துக்குக் காரணம் அது மட்டுமில்லை. ஸ்டெல்லா மாசமாக இருந்தார். முதல் பிரசவத்தில் வேளைக்கு டாக்டர் கிடைக்காமல் குழந்தை பிறந்த அன்றே போய்விட்டது. இந்தத் தடவை போரூர்ப் பக்கம் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில்தான் பார்ப்பது என்று டேனியல் தீர்மானமாக இருந்தார். நகர ஈட்டுப்படியைக் கையால் தொடாமல் அதற்கென்றே எடுத்து வைத்துக்கொண்டு வந்தார். நடமாடக் கூடாது, படுத்தேதான் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் ஸ்டெல்லாவைப் பென்னலூரில் அண்ணியின் கண்பார்வையில் கொண்டுபோய் விட்டார். போரூர் போர்ஷனைக் காலி செய்தாகிவிட்டது, வாடகை மிச்சம், வேலையும் வாசலுக்கே வந்துவிட்டது.

எல்லாம் கூடி வந்த அந்த நேரத்தில் நான் அவரைக் கூப்பிட்டு, பென்னலூரில் குடியிருந்தால் இரண்டு படியும் நின்றுவிடும் என்று சொல்ல வேண்டியிருந்தது. நல்ல சேதி சொல்லத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தார் போலிருக்கிறது.

"இன்னாமா இது, வூட்டாண்ட வேல குடுக்குறேன்னு சொல்லிட்டு, வூட்டுக்குன்னு குடுத்தத புடுங்கிக்கிறீங்க?"

பதவி உயர்ந்து வந்தவர்

பம்பாய்க் கிளையிலிருந்து தர ஆய்வுப் பிரிவுக்குச் சாமிநாதன் என்று ஒருவர் பதவி உயர்வில் வந்தார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். தமிழில் ஆரம்பிக்கும் வாக்கியத்தை இந்தியில் முடிப்பார். குழந்தைகளின் பள்ளிக்கூடத்தை நடுவில் மாற்ற முடியாது என்று குடும்பத்தை அங்கேயே விட்டுவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் லாட்ஜ் ஒன்றில் அறை எடுத்துத் தங்கினார். அடுத்த அறையில் லாரி டிரைவர்கள் இரவெல்லாம் சீட்டாடுகிறார்கள் என்று காலையில் சிவந்த கண்களோடு வருவார்.

முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார். அடிப்படைச் சம்பளம் ஏறியிருந்தது. பஞ்சப்படியும் ஏறியிருந்தது. பம்பாய்ப் படி மட்டும் பறந்துபோயிருந்தது. மொத்தத்தில், பதவி ஏறியதற்கு அவர்தான் கம்பெனிக்குப் பணம் கொடுப்பது போல ஆகிவிட்டது. வருங்கால வைப்பு நிதி நன்றாகச் சேரும், ஓய்வு பெறும்போது உதவும் என்று நான் வழக்கமாகச் சொல்லும் சமாதானத்தைச் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. தன் அரிசி வேகிறது பம்பாயில், தான் தூங்குவது மட்டும்தான் இங்கே, அதுவும் சரியாகத் தூங்குவதில்லை, பிறகு தனக்கு எது ஊர் என்று கேட்டார். தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். வெளியூரிலிருந்து வருபவருக்கு எங்கே வேலையோ அதுதான் ஊர் என்று பதில் வந்தது. அதை அவரிடம் சொன்னபோது அமைதியாகத்தான் கேட்டுக்கொண்டார்.

"மேடம், பிரமோஷனை நீங்களே வெச்சுக்கோங்க. என்னோட பழைய பம்பாயைத் திருப்பிக் குடுத்துடுங்க, போதும்."

தக்காளி

சுடலைமுத்து சங்கத்தின் கமிட்டி உறுப்பினர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இவரும் கிண்டியிலிருந்து வந்தவர்தான். தினமும் இத்தனை தூரம் யார் போய் வருவது என்று நல்ல பிள்ளையாக ஸ்ரீபெரும்புதூரிலேயே வீடு பார்த்துக் குடிவந்தார். அதற்குத் தண்டனையாகப் படி போயிற்று. ஒருநாள் பகல் இடைவேளையில் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். உள்ளே தக்காளி, கத்தரிக்காய், கொஞ்சம் வெங்காயம்.

சென்னையில் விலைவாசி அதிகம், இங்கே குறைவு, அதனால் இங்கே படி இல்லை என்பதுதானே கம்பெனியின் வாதம் என்று கேட்டார். ஆமாம் என்றேன். இந்த ஊர்க் கடையில் விற்கிற காய் எங்கிருந்து வருகிறது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். சென்னைக் கொத்தவால்சாவடி மார்க்கெட்டிலிருந்து வருகிறது, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டிக்கூலி எல்லாம் சேர்த்துச் சென்னையைவிடக் கூடுதலாக விற்கிறது, வேண்டுமானால் மேனேஜரையே கடைக்கு வந்து விசாரிக்கச் சொல்லுங்கள் என்றார். நியாயமான பேச்சு. அதற்குப் பதில் சொல்லும் சம்பளத்தை எனக்குக் கொடுக்கவில்லை.

போகும்போது பையை எடுத்துப்போகச் சொன்னேன். அது சாட்சி, மேலிடத்துக்குக் காட்டும்வரை இங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போனார். மேலிடம் வரவில்லை. சாட்சி அழுகி, சம்பளப் பட்டியலின் ஓரத்தில் கசிந்து, கடைசியில் நானே எடுத்துக்கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன். அதற்கு மறுநாள் சுடலைமுத்து வந்து பையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"மெட்ராஸ்ல இருந்து வண்டி ஏறி வந்த தக்காளி மேடம் அது. எங்களுக்குத்தான் குடுக்க மாட்டேங்கிய, அதுக்காவது படி போட்டிருக்கலாம்லா."

போரூர் ஜங்ஷன்

சென்னையில் குடியிருப்பதற்கு அத்தாட்சியாக முதலில் வாடகை ரசீது கேட்டோம். ரசீதுகள் குவிந்தன. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, கையெழுத்துப் போட்டு, எல்லாம் கச்சிதமாக இருந்தன. கோளாறு என்னவென்றால், சைதாப்பேட்டை வீட்டுக்காரர், மாம்பலம் வீட்டுக்காரர், வடபழனி வீட்டுக்காரர் எல்லோருக்கும் ஒரே கையெழுத்து. எங்கள் பர்சனல் மேனேஜர் ரங்கநாதன் அதைப் பார்த்துவிட்டுக் கோபப்படவில்லை, ரொம்பவும் சோர்ந்துபோனார். இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு புதிய சட்டம் கொண்டுவந்தார். கம்பெனி பஸ்ஸில் யார் எங்கே ஏறுகிறாரோ அதுவே அவர் குடியிருக்கும் இடம். போரூர் ஜங்ஷன் வரைக்கும் சென்னை. அதைத் தாண்டி ஏறுபவர் மற்ற ஊர். ஏறும் இடத்தை டிரைவர் குறித்துக் கொடுக்க வேண்டும், கேட்டில் செக்யூரிட்டியிடமும் அதே விவரம் இருக்கும்.

அவ்வளவுதான். அடுத்த வாரமே போரூர் ஜங்ஷன் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. பூந்தமல்லிக்காரர்கள் இந்தப் பக்கம் வந்து ஏறினார்கள். மணிமங்கலத்திலிருந்து கோவிந்தன் என்பவர் தாம்பரம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போரூர் வந்து ஏறினார். அவர் ஊரிலிருந்து குறுக்கே சைக்கிள் மிதித்தாலே தொழிற்சாலைக்கு வந்துவிடலாம். சாயங்காலம் யாரும் எதையும் கேட்பதில்லை, எல்லோரும் அவரவர் ஊருக்கு நேராகப் போய்விடுவார்கள். ஆக, எங்கள் ஆட்கள் காலையில் மட்டும் சென்னைவாசிகள்.

பஸ் டிரைவர் பாலுவுக்கு இந்தப் படி விவகாரம் எதுவும் முதலில் தெரியாது. ஒருநாள் என்னிடம் வந்து தணிந்த குரலில் விசாரித்தார்.

"ஏம்மா, பூந்தமல்லி தாண்டுனா ஒரு ஆளுகூட ஏற மாட்டேங்குறான். வழியில கீற ஊருக்கெல்லாம் இன்னா ஆச்சு, காலரா கீலரா எதுனா பரவிகினு கீதா?"

கேன்டீன் ஜன்னல்

டேனியலும் போரூரில்தான் ஏறினார். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீட்டிலிருந்து விடியுமுன் கிளம்பி, காஞ்சிபுரத்திலிருந்து வரும் பஸ்ஸைப் பிடித்துப் போரூருக்கு வந்து, ஒரு டீ குடித்துவிட்டு, எங்கள் பஸ்ஸில் ஏறி மறுபடி பென்னலூருக்கு வருவார். நான் வளசரவாக்கத்தில் ஏறுபவள், அதனால் தினமும் அவர் ஏறுவதைப் பார்ப்பேன். ஏறியதும் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவார். பஸ் அவர் வீட்டுத் தெருமுனையைத் தாண்டும்போது யாரும் எழுப்பாமலே கண் விழித்து வெளியே பார்ப்பார். பிறகு மறுபடியும் கண்ணை மூடிக்கொள்வார். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

எங்கள் கேன்டீனின் கடைசி ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவர் வீடு தெரியும். வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு ஸ்டெல்லா ஒருக்களித்துப் படுத்திருப்பார். அண்ணி வந்து எதையாவது கொடுத்துவிட்டுப் போவார். டேனியல் கேன்டீன் சாம்பாரைச் சோற்றில் பிசைந்தபடி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். போரூரில் குடியிருப்பவர் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்வர முடியாதல்லவா. அவர் உண்மையில் எங்கே இருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரங்கநாதன் சார் மட்டும் தன் அறையில் வீட்டுச் சாப்பாடு சாப்பிடுபவர், அந்த ஜன்னல் பக்கம் வந்ததில்லை.

எதற்கு இந்த அவஸ்தை, விட்டுத்தொலைத்தால் என்ன என்று ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். பிரசவம் நல்லபடியாக முடிகிறவரைக்கும்தான், இந்தத் தடவையும் ஏதாவது ஆகிவிட்டால் ஸ்டெல்லா தாங்கமாட்டாள் என்றார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவர், ஜன்னலைக் காட்டிச் சிரித்தார்.

"தோ கீதே, அங்கேந்து இங்க வர்றதுக்கு எனுக்கு ரெண்டரை மணி நேரம் ஆவுதும்மா."

மேனேஜர் பஸ் ஏறினார்

சட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ரங்கநாதன் சார் ஒருநாள் காலை யாருக்கும் சொல்லாமல் போரூர் ஜங்ஷனுக்கு வந்து நின்றார். காரை அனுப்பிவிட்டு, கையில் டிபன் கேரியரோடு, வரிசையில் கடைசியாக. அவரைக் கண்டதும் வரிசை நேரானது. பஸ்ஸுக்குள் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவராகப் போரூரில் எந்தத் தெரு என்று கேட்டுக்கொண்டே வந்தார். முதலில் உட்கார்ந்திருந்தவர் கோயில் தெரு என்றார். அடுத்தவரும் கோயில் தெரு. அதற்கடுத்தவரும் அதே. எந்தக் கோயில் என்று கேட்டதற்கு மணிமங்கலம் கோவிந்தன் தன் ஊர்ப் பெருமாளின் பெயரைச் சொல்லிவிட்டார்.

டேனியல் ஒருவர்தான் தடுமாறவில்லை. போரூரில் உண்மையாகவே குடியிருந்தவர் அல்லவா? தெரு, வீட்டுக்காரர் பெயர், தண்ணீர் லாரி எந்தக் கிழமை வரும், பால் பூத்தில் யார் வரிசையில் இடித்துக்கொண்டு முன்னால் போவார் என்பதுவரை சொன்னார். சொல்லி முடித்ததும் அப்படியே தூங்கிப்போனார். மேனேஜர் திருப்தியாக என் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பஸ் பென்னலூரை நெருங்கியது. டேனியல் கண் விழித்துத் தன் தெருவைப் பார்ப்பதை மேனேஜர் பார்த்துவிடப் போகிறாரே என்று சம்பளப் பட்டியலைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். அவர் பார்க்கத்தான் செய்தார். புதிய இடத்தை ஆர்வமாகப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா மிஸஸ் வசந்தா, ஆளைப் பார்த்தாலே தெரியுது. அசல் போரூர்."

கேட்டிலிருந்து போன்

அதற்கடுத்த மாதம் ஒருநாள் முற்பகல். சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுவதற்காக மேனேஜர் என் மேஜையின் எதிரில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். கேட்டிலிருந்து போன் வந்தது. செக்யூரிட்டி வேலாயுதம் பட்டாளத்தில் இருந்தவர், எழுதியிருப்பதற்கு மேல் ஒரு வார்த்தை ஏற்கமாட்டார். பென்னலூர் டேனியல் வேண்டும் என்று ஒரு அம்மா வந்து நிற்கிறார், நம்மிடம் இருப்பது போரூர் டேனியல்தான், அப்படி யாரும் இல்லை என்று சொல்லியும் போகமாட்டேன் என்கிறார் என்றார். பின்னால் அந்த அம்மா, எங்கள் வீட்டுப் பிள்ளையை எனக்குத் தெரியாதா என்று சத்தம் போடுவது போனிலேயே கேட்டது. டேனியலின் அண்ணி என்று புரிந்துவிட்டது. என்ன விஷயம் என்று கேட்டேன். பனிக்குடம் உடைந்துவிட்டதாம், இன்னும் நாள் இருக்கிறதாம் என்று வேலாயுதம் ஒப்பித்தார்.

மேனேஜர் பட்டியலிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பென்னலூரில் டேனியல் இருக்கிறார் என்று நான் வாயைத் திறந்தால் படி போகும். இதுவரை வாங்கியதையும் பிடித்தம் செய்வார்கள். ஆஸ்பத்திரிக்கு என்று அந்த மனிதர் தூக்கத்தை விட்டுச் சேர்த்ததெல்லாம் போய்விடும். இல்லை என்று சொன்னால் அங்கே அந்தப் பெண் தனியாகத் துடித்துக்கொண்டிருப்பாள். இருக்கிறார், மில்லிங் பிரிவில் இருக்கிறார், உடனே ஆளை அனுப்பி வரச்சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

மேனேஜர் பட்டியலை மூடி வைத்தார். நானே எல்லாவற்றையும் சொன்னேன். முதல் குழந்தை, ஆஸ்பத்திரி, விடியற்காலைப் பஸ், கேன்டீன் ஜன்னல் எல்லாம். அவர் எழுந்து கேன்டீன் பக்கம் போய்விட்டு வந்தார். வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே போனை எடுத்து, ஷெட்டில் நிற்கும் கம்பெனி பஸ்ஸைக் கேட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார். பாலு அந்தச் சந்துக்குள் பெரிய பஸ்ஸை எப்படி நுழைத்தார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கடைசி நீள சீட்டில் ஸ்டெல்லாவைப் படுக்கவைத்தார்கள். அண்ணி தலைமாட்டில், டேனியல் எண்ணெய்க் கறை சட்டையோடு கால்மாட்டில். சந்திலிருந்து வெளியே வந்து கேட் வாசலைத் தாண்டும்போது வேலாயுதம் வழக்கம்போலக் குறுக்கே நின்று, டிரிப் ஷீட்டில் எங்கிருந்து எங்கே என்று எழுதுவது எனக் கேட்டார். பின்னாலேயே வந்த மேனேஜர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"பென்னலூர் டு போரூர்னு எழுதுங்க. இன்னிக்காவது அந்த ஆள் சரியான காரணத்துக்குப் போரூர் போகட்டும்."

விலாசம்

அன்று முழுவதும் என்னால் ஒரு கூட்டல்கூட ஒழுங்காகப் போட முடியவில்லை. மாலை பஸ் புறப்படும் நேரத்துக்குத்தான் பாலு திரும்பி வந்தார். பெண் குழந்தை, எடை குறைச்சல், ஆனால் நன்றாக அழுகிறது, தாய்க்கும் ஆபத்தில்லை என்றார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சுடலைமுத்து என் மேஜைக்கு வந்து ஒரு டீயை வைத்துவிட்டுப் போனார்.

சில நாட்கள் கழித்து டேனியல் வேலைக்கு வந்ததும் மேனேஜர் கூப்பிட்டார். என்னையும் உடன் இருக்கச் சொன்னார். பிடித்தம், விசாரணை என்று எதுவும் அவர் பேசவில்லை. தலைமை அலுவலகத்தின் வரியை மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை, தான் எதையும் பார்க்கவில்லை, நாளையிலிருந்து வழக்கம்போலப் போரூரிலேயே ஏறிக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னார். ஒரு மேனேஜரால் அதற்கு மேல் இறங்கிவர முடியாது. டேனியல் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். ஒருவழியாகத் தலைவலி தீர்ந்தது என்று நான் மூச்சு விட்டேன்.

அவர் நேராக என் மேஜைக்கு வந்து, தன் விலாசத்தை மாற்றி எழுதச் சொன்னார். நான் அவரை உட்காரவைத்து எடுத்துச் சொன்னேன். ஆஸ்பத்திரிச் செலவு இன்னும் முடியவில்லை. எடை குறைந்த குழந்தை, அடிக்கடி டாக்டரிடம் காட்ட வேண்டியிருக்கும், மேனேஜரே கண்ணை மூடிக்கொள்கிறேன் என்கிறார், இன்னும் ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு போய்வந்தால் என்ன என்று கேட்டேன். அவர் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். குழந்தை விடியற்காலையில்தான் கண் திறந்து பார்க்கிறதாம், போரூரில் ஏறுவதென்றால் அந்த நேரத்தில் தான் ரோட்டில் நிற்க வேண்டியிருக்குமாம், சாயங்காலம் வீட்டுக்குப் போவதற்குள் அது தூங்கிவிடுமாம். ஓ.டி. கிடைத்தால் பார்த்துச் சமாளித்துக்கொள்வதாகச் சொன்னார். நான் பேனாவை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"பென்னலூர்னே எழுதிக்கம்மா. காலைல என் பொண்ணு மூஞ்சில முழிக்கணும். அதுக்கு எவ்ளோ புடிப்பீங்களோ, புடிச்சிக்கினு மீதிய குடுங்க."

ஊர் ஊராகப் படி கணக்குப் போட்டே தேய்ந்துபோன எனக்குக் கடைசியில் விளங்கியது, மனிதனுக்கு ஆகிற பெரிய செலவு தன் சொந்த வீட்டில் குடியிருப்பதுதான் என்பதே.